நின்ற இயந்திரமும் நிற்காத மூச்சும்: கேரன் ஆன் குயின்லன் வாழ்வு



1975ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகின் பல நாட்டுப் பத்திரிகைகள் ஓர் இளம்பெண்ணின் படத்தை ஓயாமல் பிரசுரித்தன. நடுவகிடு எடுத்து வாரிய நீண்ட கூந்தல், நேரே நோக்கும் கண்கள். பள்ளிக்கூட நாட்களில் எடுத்த படம். அந்தப் படம் அச்சாகிக்கொண்டிருந்த வேளையில் அதிலே கண்ட பெண் அப்படி இருக்கவில்லை. உடல் வற்றி, கை கால்கள் உள்மடங்கி, கழுத்திலே துளையிட்டுப் பொருத்திய குழாய் வழியாக ஓர் இயந்திரம் ஊதிய காற்றில் மூச்சு விட்டபடி, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், கன்னியர்கள் நடத்திய வைத்தியசாலை ஒன்றில் நினைவின்றிக் கிடந்தாள். அந்தக் கோலத்தைப் படம் பிடிக்கப் பெருந்தொகை தரப் பலர் முன்வந்தார்கள். பெற்றார் இணங்கவில்லை.

அவள் பெயர் கேரன் ஆன் குயின்லன். அவள் இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் மூளை பழுதுபட்டு இனித் தேறாது என்று வைத்தியர் கைவிரித்த ஒரு பிள்ளையைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் எங்கள் குருத்துவக் கல்லூரிகளில் ஒழுக்கவியல் கற்பிப்போரும் இன்றும் அவள் பெயரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். வாசகரே, இது தூரத்து ஊர்க் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் இருந்து தலையடிபட விழுந்த மகன், பிரசவத்தில் மூச்சுத் திணறிய சிசு, கிணற்றிலே விழுந்து நேரங்கழித்து எடுக்கப்பட்ட குழந்தை, மூளைக்காய்ச்சல் கண்ட சிறுமி ஆகிய எவருடைய கட்டிலருகிலும் இதே கேள்வி எந்த நாளிலும் வந்து நிற்கக்கூடும்.

கேரன் பிறந்தது 1954 மார்ச் 29ஆம் திகதி, பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரில். அவளைப் பெற்றவள் மணமாகாத இளம்பெண். பிறந்து சில வாரங்களிலேயே ஜோசப் குயின்லன், ஜூலியா தம்பதியர் அவளைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். ஜோசப் இரண்டாம் உலகப்போரில் ஒரு கையை இழந்தவர். மருந்து உற்பத்தி நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை பார்த்தவர். ஜூலியா ஒரு பிள்ளைக்காக ஏங்கிப் பல தடவை ஏமாந்தவர். ஆக, கேரன் அந்த வீட்டுக்குத் தற்செயலாக வந்த பிள்ளை அல்ல, வேண்டிப் பெற்ற பிள்ளை. பின்னாளில் நீதிமன்றத்தில் இந்தத் தகப்பனார் தம் மகளைச் சாகடிக்கப் பார்க்கிறார் என்று ஊர் பேசியபோது, இந்த ஆரம்பத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கேரனுக்குப் பின் அவர்களுக்கு ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

குடும்பம் நியூ ஜேர்சியில், மவுண்ட் ஆர்லிங்டன் ஊரின் ஏரியன்னை ஆலயப் பங்கைச் சேர்ந்தது. ஜூலியா அந்தப் பங்குமனையிலேயே செயலாளராகப் பணிபுரிந்தார். பங்குக்குருவானவர் தோமஸ் ட்ரப்பாசோ அடிகளார் வீட்டு மனிதர் போல. கேரன் டென்வில் ஊரில் உள்ள மொறிஸ் கத்தோலிக்க உயர்கல்லூரியில் படித்தாள். பின்னர் மட்பாண்டத் தொழில் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தாள். அந்த வேலை போயிற்று. 21 வயதை எட்டியபோது, அந்த நாட்டு வழக்கப்படி பெற்றார் வீட்டை விட்டு வெளியேறி, ஓர் ஏரிக்கரை வீட்டில் நண்பர்களோடு குடியிருந்தாள்.

1975 ஏப்ரல் 14ஆம் திகதி இரவு நண்பர்களோடு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குப் போனாள். சில நாட்களாக உடல் மெலியவேண்டும் என்று சரியாக உண்ணாமல் இருந்தவள். அன்று சிறிது மது அருந்தினாள். மனத்தை அமைதிப்படுத்தும் மாத்திரையும் உடம்பில் இருந்தது. தலை சுற்றுகிறது என்றதால் வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். சிறிது நேரத்தின் பின் பார்த்தபோது மூச்சில்லை. நண்பர் ஒருவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். பின்னர் வந்த பொலிசாரும் முயன்றார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் வீதம் இரண்டு தடவை அவள் மூச்சு நின்றிருந்தது என்று பின்னர் நீதிமன்றப் பதிவு சொல்லிற்று. மூச்சு நின்றதன் சரியான காரணம் எது என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை. பத்திரிகைகளோ மதுவையும் மாத்திரையையும் வைத்து வேண்டிய அளவு எழுதித் தள்ளின. அதில் நாம் மினக்கெட வேண்டியதில்லை. பிள்ளை கட்டிலில் கிடக்கும்போது அவள் எப்படி விழுந்தாள் என்று விசாரணை நடத்துவது எங்கள் ஊர்களிலும் உள்ள பழக்கந்தான்.

முதலில் நியூட்டன் ஊர் வைத்தியசாலைக்கும், அங்கிருந்து டென்வில்லில் உள்ள புனித கிளாரா வைத்தியசாலைக்கும் கொண்டுபோனார்கள். அங்கே நரம்பியல் வைத்தியர் ரொபர்ட் மோர்ஸ், சுவாச நோய் நிபுணர் அர்ஷாட் ஜாவெட் ஆகிய இருவரும் பொறுப்பேற்றார்கள். கழுத்திலே துளையிட்டுச் சுவாச இயந்திரம் பொருத்தப்பட்டது. மூக்கு வழியாகச் செலுத்திய குழாயால் உணவு ஊட்டப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தை நீங்கள் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஏனெனில் வழக்கு முழுவதும் அதிலேதான் தங்கியிருந்தது. மூளை பல பகுதிகளை உடையது. அடியிலே தண்டுப்பகுதி, மூச்சு, நித்திரை, விழிப்பு, விழுங்குதல் போன்றவற்றை நாம் நினையாமலே நடத்துவது அது. மேலே இருக்கும் பகுதிகளாலேதான் நாம் காண்கிறோம், அறிகிறோம், பெயர் சொல்லி அழைக்கிறோம். தண்டுப்பகுதி உட்பட மூளை முழுவதும் செயலிழந்தால் அது மூளைச்சாவு. 1968இல் ஹாவாட் பல்கலைக்கழகக் குழு ஒன்று அதற்கு அடையாளங்களை வகுத்திருந்தது. கேரனுக்கு அது ஏற்படவில்லை. மூளை அலைப் பதிவில் அசைவு தெரிந்தது. அவள் தூங்கினாள், விழித்தாள், கண் இமைத்தாள், முகம் சுளித்தாள், சில வேளை அழுவது போல ஒலி எழுப்பினாள். எதையும் அறிந்து செய்ததாக ஓர் அறிகுறியும் இல்லை. இத்தகைய நிலைக்கு ஸ்கொத்லாந்து வைத்தியர் பிரையன் ஜெனற், நியூயோர்க் வைத்தியர் பிரட் பிளம் ஆகிய இருவரும் மூன்று வருடங்களுக்கு முன், 1972இல்தான் நீடித்த தாவர நிலை என்று பெயரிட்டிருந்தார்கள். மனிதரைத் தாவரம் என்று குறிக்கும் அந்தச் சொல் நல்ல சொல் அல்ல. 2004இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரும் அதைக் கண்டித்தார். நோயுற்றவர் எந்த நிலையிலும் மனிதரே என்பது அவர் போதனை.

ஒரு தாயின் நிலையில் இருந்து பாருங்கள். மகள் கண் விழிக்கிறாள்; முகம் திரும்புகிறது; அழுகை கேட்கிறது. இவள் எங்களை அறியவில்லை என்று வைத்தியர் சொன்னால் எந்தத் தாய் உடனே நம்புவாள்? மாதங்கள் ஓடின. எடை குறைந்தது 40 இறாத்தல் இழந்து, கருவிலே கிடக்கும் சிசுவைப்போல உடல் சுருண்டது. இயந்திரத்தில் இருந்து மெல்ல விடுவிக்க வைத்தியர்கள் முயன்றும் இயலவில்லை. ஜூலியாவும் பிள்ளைகள் இருவரும் கேரன் இனி மீளமாட்டாள் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டார்கள். கடைசியாக ஏற்றவர் ஜோசப். அவர் அற்புதத்துக்காக மன்றாடிக்கொண்டே இருந்தார். மற்ற மூவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. குடும்பத்தில் ஒருவர் பிந்தி நடக்கும்போது மற்றவர் காத்திருப்பது எவ்வளவு அரிது என்பதை நோயாளர் வீடுகளுக்குப் போய்வரும் எந்தக் குருவானவரும் அறிவார்.

ட்ரப்பாசோ அடிகளாரும் வைத்தியசாலை ஆன்ம குருவும் அவர்களுக்கு விளக்கியது புதிய போதனை அல்ல. 1957 நவம்பர் 24ஆம் திகதி பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு ஓர் உரை நிகழ்த்தியிருந்தார். சுவாச இயந்திரங்கள் பரவத் தொடங்கிய காலம் அது. மீள வழியில்லாத நோயாளியிடம் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமா, நிறுத்தலாமா என்று ஒஸ்திரிய நாட்டு வைத்தியர் புரூனோ ஹைட் எழுப்பிய கேள்விகளுக்கு அவர் பதிலளித்தார். உயிரையும் நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்ளக் கடமையுண்டு. நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கைக்கொள்ளக் கடமையில்லை. நோயாளி சார்பில் குடும்பம் கேட்டால் இயந்திரத்தை விலக்கலாம். அது நோயாளியைக் கொல்லுதல் ஆகாது என்பதே அதன் சாரம். வைத்தியருக்கு நோயாளியின் சம்மதத்துக்கு அப்பாற்பட்ட தனி உரிமை இல்லை என்றும் அவர் தெளிவாக்கினார்.

1975 யூலை 31ஆம் திகதி பெற்றார் இயந்திரத்தை நிறுத்தும்படி கேட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட்டார்கள். முதலில் இணங்குவது போலிருந்த வைத்தியர் மோர்ஸ், பின்னர் மறுத்துவிட்டார்.

இந்த மோர்ஸ் அவர்களை அக்காலத்தில் பலர் கல்நெஞ்சர் என்று தூற்றினார்கள். எனக்கு அது நீதியாகப் படவில்லை. கேரன் மூளைச்சாவு அடையவில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் சுவாச இயந்திரத்தை நிறுத்துவது தாம் கற்ற வைத்திய மரபில் இல்லை. இந்த வாழ்வு வாழத்தக்கதா என்று தராசு பிடிக்கும் வேலை தம்முடையதல்ல என்பது அவர் நிலைப்பாடு. ஒரு வைத்தியர் இப்படி அஞ்சுவதிலே ஆபத்தைவிடப் பாதுகாப்பே அதிகம். அத்தோடு, நிறுத்தினால் கொலைக்குற்றம் சாட்டப்படலாம் என்ற பயமும் வெறும் கற்பனையல்ல.

ஆனால், வைத்தியர்கள் எல்லாரும் ஒரே மனதாக இருந்தார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன், 1973இல், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழந்தை வைத்தியர்கள் ரேமண்ட் டஃப், கெம்பல் ஆகிய இருவரும் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை அமெரிக்காவை அதிரச்செய்திருந்தது. தங்கள் விசேட சிசு பராமரிப்புப் பிரிவில் நிகழ்ந்த 299 மரணங்களில் 43, சிகிச்சையை நிறுத்தியதாலோ தொடங்காமல் விட்டதாலோ ஏற்பட்டவை என்று அவர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். பெற்றாரோடு கலந்து பேசியே அப்படிச் செய்ததாகவும் எழுதினார்கள். வெளியே தெரியாமல் நடந்த காரியம் முதல் தடவையாக எண்ணிக்கையோடு வெளிவந்தது அப்போதுதான். சிலர் அவர்களின் நேர்மையைப் பாராட்டினார்கள், சிலர் திகைத்தார்கள். உயிர் பிழைத்தாலும் ஊனத்தோடு வாழும் என்ற ஒரே காரணத்துக்காகக் கைவிடப்பட்ட குழந்தையும், எந்த வைத்தியத்தாலும் சாவைத் தடுக்க முடியாத குழந்தையும் ஒரே கணக்கில் சேர்ந்து நின்றமை என் மனத்தையும் உறுத்துகிறது.

குயின்லன் குடும்பம் போல் ஆம்ஸ்ட்ரோங் என்ற இளம் சட்டத்தரணியை நாடிற்று. மொறிஸ்டவுன் நீதிமன்றத்தில் 1975 ஒக்டோபர் 20ஆம் திகதி விசாரணை தொடங்கிற்று. வைத்தியர்கள், வைத்தியசாலை, மாவட்டத்து அரச வழக்குத்தொடுநர், மாநிலச் சட்டமா அதிபர், கேரனுக்காக நீதிமன்றம் நியமித்த காப்பாளர் ஆகிய எல்லாரும் எதிர்த்தரப்பில் நின்றார்கள். ஒரு பக்கத்தில் பெற்றாரும் சட்டத்தரணியும் பங்குக்குருவும் மாத்திரம்.

சாட்சி சொன்ன நரம்பியல் நிபுணர்கள், அவள் அறிவுணர்வுக்குத் திரும்புவாள் என்ற நம்பிக்கை தரவில்லை. ஆனால் என்ன செய்யலாம் என்பதில் பேச்சு வேறுபட்டது. நியூயோர்க் வைத்தியர் ஜூலியஸ் கோறெயின் ஓர் உண்மையை மறைக்காமல் சொன்னார். புற்றுநோய் உடலெங்கும் பரவி இறக்கும் தறுவாயில் இருக்கும் நோயாளிக்குச் சுவாச இயந்திரம் பொருத்தாமல் விடுவதும், மீள உயிர்ப்பிக்க முயலாமல் விடுவதும் வைத்தியர்களிடையே எழுதப்படாத வழக்கம் என்றார். அப்படியானால், தொடங்காமல் விடலாம், தொடங்கியதை மட்டும் நிறுத்தக்கூடாதா? இந்த இடத்திலே அன்றைய வைத்திய உலகம் தடுமாறிற்று. அந்தத் தடுமாற்றம் இன்றும் பல வைத்தியசாலைகளில் தீர்ந்தபாடில்லை. நிறுத்தமுடியாது என்று ஒரு விதி இருந்தால், பயந்த வைத்தியர் தொடங்கவே தயங்குவார். பிழைக்கக்கூடிய பிள்ளை அதனால் சாகும். முயன்று பார்த்து, பயனில்லை என்று தெரிந்தபின் விலக்கிக்கொள்ளலாம் என்றால்தான் துணிந்து தொடங்கலாம்.

பற்றர்சன் மறைமாவட்ட ஆயர் லோறன்ஸ் கேசி ஆண்டகை 1975 நவம்பர் முதலாம் திகதி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஜோசப்பின் வேண்டுகோள் ஒழுக்கநெறிக்கு ஏற்றது என்றும், இது கருணைக்கொலை அல்ல என்றும், கருணைக்கொலையைத் திருச்சபை எக்காலமும் ஏற்காது என்றும் விளக்கினார். ஆயர் துணைநின்றும், நீதிபதி ரொபர்ட் மியூர் நவம்பர் 10ஆம் திகதி வேண்டுகோளை நிராகரித்தார். இது வைத்தியர்கள் எடுக்கவேண்டிய முடிவு, நீதிமன்றம் எடுப்பதல்ல என்றும், இயந்திரத்தை அகற்றினால் சட்டப்படி அது கொலையாகும் என்றும் தீர்த்தார். மற்றவர்களுடைய நோய்களைக் கண்டபோது தன்னை அப்படி இயந்திரத்தில் வைத்திருக்கவேண்டாம் என்று கேரன் முன்பு தாயிடமும் நண்பர்களிடமும் பேசியிருந்ததும் போதிய சாட்சியாகக் கொள்ளப்படவில்லை. திடகாத்திரமாக இருக்கும் இளம்பெண் போகிறபோக்கில் சொன்ன சொல்லுக்கு எவ்வளவு பாரம் கொடுப்பது என்பது நியாயமான கேள்விதான்.

மேன்முறையீடு மாநில உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1976 மார்ச் 31ஆம் திகதி, கேரனின் 22ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து, ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகப் பெற்றாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் பிரதம நீதியரசர் ரிச்சர்ட் ஹியூஸ். ஆயரின் அறிக்கையை அவர்கள் நீளமாக எடுத்துக்காட்டி இருந்தார்கள். தகப்பனாரைக் காப்பாளராக நியமித்தார்கள். கேரன் சிந்திக்கும் அறியும் நிலைக்குத் திரும்ப நியாயமான வாய்ப்பில்லை என்று வைத்தியர்களும், வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழுவும் உடன்பட்டால், இயந்திரத்தை விலக்கலாம்; எவர்மீதும் குற்றமில்லை என்றார்கள். அந்தக் குழு என்ற யோசனையை நீதிமன்றம் எடுத்தது ஒரு குழந்தை வைத்தியரிடமிருந்து. கேரன் டீல் என்ற அம்மையார். பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல். பிள்ளையின் உயிர் பற்றிய முடிவின் முழுப்பாரத்தையும் தனி வைத்தியர் ஒருவர் தலையில் சுமத்தக்கூடாது என்று அவர் முந்திய வருடம் எழுதியிருந்தார். இன்று உலகின் பல வைத்தியசாலைகளில் காணப்படும் ஒழுக்கநெறிக் குழுக்கள் பரவியதற்கு இந்தத் தீர்ப்பு பெரிய தூண்டுகோல்.

வாசகரே, ஆயரும் நீதிமன்றமும் ஒரே முடிவுக்கு வந்தாலும், வந்த வழி ஒன்றல்ல. ஆயர் கையிலெடுத்தது சிகிச்சையை: இந்த இயந்திரம் இந்தப் பிள்ளைக்கு நன்மை தருகிறதா, சுமையாகிறதா என்பது. நீதிமன்றம் நின்றது தனிமனித உரிமையிலும், சிந்திக்கும் அறியும் நிலை என்ற அளவுகோலிலும். முதலாவது வழியில் பிள்ளையின் வாழ்வை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது வழியில் அறிவு குன்றிய பிள்ளை மெல்ல மெல்லத் தராசில் ஏற்றப்படும் அபாயம் உண்டு. 1982இல் இந்தியானா மாநிலத்தில் அதுவே நடந்தது. டவுன் நோய்க்குறியோடும் உணவுக்குழாய் அடைப்போடும் பிறந்த ஒரு சிசுவுக்கு, அடைப்பை நீக்கும் சத்திரசிகிச்சையைப் பெற்றார் மறுத்தனர். வைத்தியர்களிடையே கருத்து பிளவுபட்டது; நீதிமன்றம் பெற்றார் பக்கம் நின்றது. ஆறாம் நாள் சிசு இறந்தது. டவுன் நோய்க்குறி இல்லாத சிசுவாயின் அந்தச் சிகிச்சையைச் செய்திருப்பார்கள் அல்லவா? அந்த நிகழ்வின் பின்னரே ஊனமுற்ற சிசுக்களுக்குச் சிகிச்சை மறுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1984இல் அங்கே வந்தது. குயின்லன் தம்பதியரை இந்த வரிசையில் வைத்துப் பேசுவோர் அவர்கள் வரலாற்றின் பிற்பகுதியை வாசிக்காதவர்கள்.

தீர்ப்புக் கிடைத்தும் இயந்திரம் உடனே நிற்கவில்லை. வைத்தியர் மோர்ஸ் ஒரேயடியாக நிறுத்தாமல் சிறுகச் சிறுக விடுவிக்கத் தொடங்கினார். பெற்றார் மனம் நொந்தார்கள். ஆனால் மே மாதத்தில், எவரும் எதிர்பாராத வகையில், கேரன் இயந்திரமின்றித் தானாகவே மூச்சு விட்டாள். இறந்துவிடுவாள் என்று நிபுணர்கள் பலர் கருதியிருந்த பிள்ளை இறக்கவில்லை.

இப்போது பெற்றார் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மரணத்தை நாடியவர்களாக இருந்திருந்தால் அடுத்த வழியைத் தேடியிருப்பார்கள். அவர்களோ அவளை ஏற்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தைத் தேடி அலைந்தார்கள். பல இல்லங்கள் கையை விரித்தன. கடைசியில் மொறிஸ் வியூ என்னும் அரச பராமரிப்பு இல்லம் ஏற்றுக்கொண்டது. 1976 யூன் மாதம் அங்கே கொண்டுபோனார்கள். உணவுக் குழாயையும் எடுத்துவிடலாமே என்று கேட்டவர்களிடம் ஜோசப் அதிர்ந்துபோனார். அது அவளுடைய சாப்பாடு. அதை எடுப்பது அவர் மனத்தில் ஒருபோதும் இருந்ததில்லை.

இங்கே படிக்காத மனிதரின் நுண்ணறிவு என்று சொல்லத் தோன்றுகிறது. ஒழுக்கவியல் ஆசிரியர்கள் அதன் பின் முப்பது வருடங்கள் விவாதித்த எல்லையை அந்தக் கணக்காளர் தம் மகளின் கட்டிலருகே நின்று கண்டுகொண்டார். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே மாதம் கருணைக்கொலை பற்றிய அறிவிப்பில் சுமைக்கும் பயனுக்கும் இடையிலான பொருத்தத்தை நோக்கும்படி போதித்தது. 2004 மார்ச் 20ஆம் திகதி இரண்டாம் அருள் சின்னப்பர், குழாய் வழியாகக் கொடுத்தாலும் உணவும் நீரும் பொதுவாகச் சாதாரண பராமரிப்பே என்று தெளிவுபடுத்தினார். 2007இல் பேராயம் அதையே உறுதிசெய்தது. உடல் உணவை ஏற்க முடியாத நிலை போன்ற விதிவிலக்குகளையும் குறிப்பிட்டது. வைத்தியர்களில் பெரும்பகுதியினர் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குழாய் உணவும் சிகிச்சையே என்பது அவர்கள் கருத்து. 1990இல் மிசூரி மாநிலத்தில் நான்சி குரூசன் என்ற இளம்பெண்ணுக்கும், 2005இல் புளோரிடாவில் டெறி ஷியாவோவுக்கும் குழாய் அகற்றப்பட்டது. இருவரும் இரு வாரங்களுக்குள் இறந்தார்கள்.

கேரன் மொறிஸ் வியூ இல்லத்தில் ஒன்பது வருடங்கள் இருந்தாள். வானொலி ஒன்று அருகே பாடிக்கொண்டிருக்கும். தாதியர் அவளைப் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். ஜோசப் வேலைக்குப் போகும் முன்னோ பின்னோ நாள்தோறும் காரோட்டிப் போய் மகளைப் பார்த்தார். ஜூலியாவும் விடாமல் போய்வந்தார். அவளுக்குத் தெரியுமா என்பதைப் பொறுத்து அவர்கள் வருகை இருக்கவில்லை. பத்திரிகைக்காரர் கூட்டம் சில வாரங்களிலேயே கலைந்துபோயிற்று.

தங்கள் வரலாற்றைப் பற்றிய புத்தகத்தாலும் 1977இல் வெளியான தொலைக்காட்சித் திரைப்படத்தாலும் கிடைத்த பணத்தைக் கொண்டு, இறக்கும் தறுவாயில் இருப்போரை வீடு தேடிச்சென்று பராமரிக்கும் ஒரு நிலையத்தை 1980இல் மகளின் பெயரால் நியூட்டன் ஊரில் தொடங்கினார்கள். மகள் அப்போது உயிரோடிருந்தாள்.

1985 யூன் 11ஆம் திகதி மாலை, 31ஆவது வயதில், நியுமோனியாக் காய்ச்சலால் கேரன் இறைவனடி சேர்ந்தாள். தாய் பக்கத்தில் இருந்தார். ஏரியன்னை ஆலயத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டு, கிழக்கு ஹனோவரில் உள்ள கத்தோலிக்க சேமக்காலையில் அடக்கம் நடைபெற்றது.

அவளுடைய மூளையை ஆராய்ந்த வைத்தியர்களின் அறிக்கை 1994இல் வெளிவந்தது. மேற்பட்டையே முற்றாக அழிந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். மிக அதிகமாகச் சேதமடைந்திருந்தது நடுவிலே உள்ள தலமஸ் என்னும் பகுதி. அறிவுணர்வுக்கு அந்தப் பகுதி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அது சான்றாயிற்று. இத்தனை நிபுணர்கள் சாட்சி சொன்ன ஒரு நோயிலும் காரணத்தின் மையம் பத்தொன்பது வருடங்களின் பின்னரே தெரியவந்தது. பிள்ளையின் கட்டிலருகே வைத்தியர் பேசும்போது அவருக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார்.

ஜோசப் 1996 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். தாம் மகளின் பெயரால் தொடங்கிய நிலையத்தின் தாதியரே அவரைக் கடைசிவரை பராமரித்தார்கள்.